பெற்றோல் வழிகிற பழைய லொறி: முதலில் கண்ணாடியைப் பாருங்கள், பிறகு ஸ்பனரை எடுங்கள்

கொழும்பு புறக்கோட்டை நான்காம் குறுக்குத் தெருவில் சாமான் ஏற்றி வெள்ளவத்தை, தெஹிவளைப் பக்கத்துக் கடைகளில் இறக்குகிற சின்ன லொறி எங்களுடையது. டொயோட்டா லைட் ஏஸ், 5கே பெற்றோல் எஞ்சின், 1486 சீசீ. காபரேட்டரில் பெற்றோல் வழிகிற வியாதியை இந்த லொறியில் எத்தனை தடவை பார்த்துத் திருத்தியிருப்பேன் என்று எண்ணி வைக்கவில்லை. முதல் இரண்டு தடவையும் காபரேட்டர்தான் போய்விட்டது என்று முடிவு கட்டி, முழுதாகக் கழற்றிக் கழுவி, கிட் (நீடில், கஸ்கட் சேர்ந்து வருகிற திருத்தும் பக்கற்) போட்டு, காசையும் கொட்டினேன், ஒரு மாதத்தில் மறுபடியும் அதே மணம். அப்புறம்தான் விளங்கியது, காபரேட்டர் பழுதாகி வழிவது குறைவு, காபரேட்டருக்குள் வந்து சேர்ந்த ஏதோ ஒன்றால் வழிவதுதான் அதிகம். அது எங்கேயிருந்து வந்தது என்று பார்க்காமல் காபரேட்டரில் கை வைத்தால் வேலை திரும்பத் திரும்ப வரும்.

பழைய டட்சன், நிசான் சன்னி ட்ரக் வைத்திருப்பவர்களுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

தொட முன்பு

லைட் ஏஸில் சீட்டைத் தூக்கினால்தான் எஞ்சின். அதாவது வழிகிற பெற்றோல் நீங்கள் இருக்கிற இடத்துக்கு நேர் கீழே நிற்கிறது, அதன் ஆவி கபினுக்குள் வருகிறது. காலையில் லொறியை எடுக்க முன்பு டாஷ்போர்டில் ஊதுபத்தி கொளுத்துகிற பழக்கம் நம்மில் நிறையப் பேருக்கு உண்டு. பெற்றோல் மணம் வருகிற நாளில் தயவுசெய்து கொளுத்த வேண்டாம், சாமி கோபிக்காது. வேலை தொடங்க முன்பு பற்றரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றுங்கள், எஞ்சின் ஆறட்டும், லொறியை வெளியில் காற்றோட்டமான இடத்தில் நிறுத்துங்கள். பக்கத்தில் பவுடர் தீயணைப்பான் இருக்கட்டும், அது இல்லையென்றால் ஒரு வாளி காய்ந்த மணல். தண்ணீர் வேண்டாம், பெற்றோல் தண்ணீரின் மேல் மிதந்து நெருப்பைப் பரப்பும். எஞ்சினை ஓடவிட்டுப் பார்க்க வேண்டிய சோதனைகள் கீழே சில வருகின்றன, சிந்தியதைத் துடைத்து, காய்ந்து, மணம் போன பிறகுதான் பற்றரியைத் திரும்ப மாட்டவேண்டும்.

எல்லாவற்றுக்கும் முதல்: கண்ணாடி

காபரேட்டரின் பக்கவாட்டில் ஒரு ரூபாய்க் குற்றி அளவில் வட்டக் கண்ணாடி ஒன்று இருக்கும். சன்னி ட்ரக்கின் ஹிட்டாச்சி காபரேட்டரிலும் இது உண்டு. வருஷக்கணக்காக ஒயிலும் தூசியும் படிந்து கறுத்துப்போய் இருப்பதால் பலருக்கு அது இருப்பதே தெரியாது. துணியில் கொஞ்சம் பெற்றோல் நனைத்துத் துடைத்து, லொறியை மட்டமான இடத்தில் நிறுத்தி, எஞ்சின் ஸ்லோவில் ஓடும்போது டோர்ச் அடித்துப் பாருங்கள். உள்ளே பெற்றோலின் மட்டம் ஒரு மெல்லிய கோடாகத் தெரியும், அது கண்ணாடியின் நடுவில், அங்குள்ள குறியை ஒட்டி நிற்கவேண்டும்.

ஒரு விஷயத்தில் நான் ஏமாந்திருக்கிறேன். கோடே தெரியவில்லை என்றால் உள்ளே பெற்றோல் இல்லை என்று நினைத்தேன், உண்மையில் கண்ணாடிக்கு மேலேயே நிரம்பி நின்றது. முழுக்க நிரம்பினாலும் முழுக்க வற்றினாலும் கண்ணாடி ஒரே மாதிரித்தான் தெரியும். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கிறது, கோடு இல்லை, மணம் மட்டும் வருகிறது என்றால் நிரம்பி நிற்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

காபரேட்டரின் கிண்ணத்தில் பெற்றோல் ஏற ஏற மிதவை எழும்பி, பெற்றோல் வருகிற வழியை மூடுகிற ஊசியைத் தள்ளும், அந்த ஊசியும் அதன் இருக்கையும்தான் நீடில் வால்வ். மட்டம் உயர்ந்திருந்தால் நீடில் வால்வ், மிதவை, பம்ப் பக்கம் போங்கள். மட்டம் சரியாக இருந்தும் பெற்றோல் கூடுகிறது என்றால் சோக் (குளிர்ந்த எஞ்சினை எடுக்கக் காற்றைக் குறைக்கிற தகடு), காற்று, பிளக் பக்கம் போங்கள். இந்த ஒரு பார்வையில் வேலை பாதியாகிவிடும்.

அறிகுறி: ஸ்டார்ட்டர் சுற்றுகிறது, எஞ்சின் பிடிக்கவில்லை, பெற்றோல் மணக்கிறது

சோக்கை முழுக்க உள்ளே தள்ளுங்கள். எக்சிலேட்டரைத் தரைவரை மிதித்து அப்படியே பிடியுங்கள், மிதித்து மிதித்து விட வேண்டாம், ஒவ்வொரு மிதிக்கும் காபரேட்டர் இன்னும் கொஞ்சம் பெற்றோலை உள்ளே பீச்சும். பத்து செக்கன் ஸ்டார்ட்டர் அடித்து, அரை நிமிடம் ஆறவிட்டு, மறுபடி பத்து செக்கன். மூன்று நான்கு தடவைக்குள் ஒன்று பிடித்து, தடுமாறி, கறுப்பாகப் புகைத்து, பிறகு தெளியும். பிடித்ததும் காலை மெதுவாக எடுங்கள்.

பிடிக்கவில்லை என்றால் நான்கு பிளக்கையும் கழற்றவேண்டும். கழற்ற முன்பு வயர்களில் டேப் ஒட்டி எண் போடுங்கள், பற்றவைக்கும் ஒழுங்கு 1-3-4-2, மாறிப்போனால் இல்லாத வியாதியையும் சேர்த்துத் தேடவேண்டி வரும். பிளக் நனைந்திருந்தால் துடைத்து வெயிலில் வையுங்கள். கொயிலுக்குப் போகிற சின்ன வயரைக் கழற்றிவிட்டு, பிளக் இல்லாமல் சில செக்கன் ஸ்டார்ட்டர் அடித்தால் உள்ளே தேங்கியது வெளியே வரும். அந்த வயரைக் கழற்ற மறக்கவே கூடாது, பெற்றோல் பீச்சுகிற இடத்தில் பொறி வந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. வந்ததைத் துடைத்துக் காயவிட்டு, பிளக்கைப் போடுங்கள்.

இப்போது ஸ்டார்ட் ஆகிவிட்டதா? அப்படியானால் கண்ணாடியைப் பாருங்கள்.

மட்டம் சரி: நீங்கள் சோக்கை இழுத்தபடி அதிகம் மிதித்திருக்கலாம். கொழும்புச் சூட்டில், முதல் நாள் ஓடிய லொறிக்குச் சோக் பெரும்பாலும் தேவையே இல்லை, மழைநாள் விடியற்காலையில் கொஞ்சம் இழுத்தால் போதும். அதுவும் காரணமில்லை என்றால் பொறி பலவீனமாக இருக்கும். டிஸ்ரிபியூட்டர் மூடிக்குள் ஈரம், தேய்ந்த பொயின்ட், பழைய பிளக் வயர், இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தாலும் பெற்றோல் எரியாமல் பிளக் நனையும். காபரேட்டருக்கு இதில் பங்கே இல்லை, ஆனால் பழி அதன்மேல்தான் விழும்.

மட்டம் உயர்வு: அடுத்த பகுதிக்குப் போங்கள்.

அறிகுறி: காபரேட்டரின் வெளியே பெற்றோல் வழிகிறது, மட்டம் கண்ணாடிக்கு மேலே

இதுதான் பெரிய பகுதி, நான் அதிகம் பார்த்ததும் இதைத்தான். மலிவிலிருந்து போவோம்.

தட்டிப் பாருங்கள். எஞ்சின் ஸ்லோவில் ஓடும்போது, பெற்றோல் குழாய் காபரேட்டருக்குள் நுழைகிற இடத்துக்குப் பக்கத்தில், ஸ்குரூ டிரைவரின் பிடியால் மெதுவாக நாலு தட்டு. நீடில் வால்வில் சிக்கிய தூசி விலகினால் மட்டம் கண்ணாடிக்குள் இறங்கி வருவதை நீங்களே பார்க்கலாம். வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க இது போதும். ஆனால் தூசி எங்கும் போகவில்லை, உள்ளேதான் இருக்கிறது.

ஃபில்டரைப் பாருங்கள். கழற்றி, வந்த வழிக்கு எதிராக ஒரு வெள்ளைத் துணிமேல் உதறுங்கள். 2022இல் பெற்றோல் தட்டுப்பாடு வந்தபோது எங்கள் லொறி கொட்டாஞ்சேனையில் வாரக்கணக்கில் நின்றது, டாங்கியில் அடிமட்டத்தில் கொஞ்சம் மட்டுமே இருந்தது. டாங்கி காலியாக நின்றால் உள்சுவரில் துரு பிடிக்கும். பெற்றோலைப் பங்கிட்டுக் கொடுக்கிற கியூஆர் முறை வந்து கிழமைக்குக் கிழமை கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கத் தொடங்கியதும் அந்தத் துரு பெயர்ந்து கலங்கி வந்தது. அந்த நேரம் நீடில் வால்வைக் கழற்றியபோது அதன் இருக்கையில் தேயிலைத் தூள் மாதிரி ஒரே ஒரு துகள், பெருவிரல் நகத்தில் ஒட்டி எடுத்தேன், கவனிக்காமல் ஊதியிருந்தால் காணாமல் போயிருக்கும். அந்த ஒரு துகளுக்காக ஒரு நாள் ஓட்டம் நின்றது. துணியில் செம்மண் மாதிரி விழுந்தால் டாங்கியைக் கழற்றிக் கழுவவேண்டும், ஃபில்டரை மட்டும் மாற்றினால் கொஞ்ச நாளில் திரும்ப இதே இடத்துக்கு வருவீர்கள்.

நீடில் வால்வ். ஃபில்டர் கழற்றியதோடு காபரேட்டரின் மேல் மூடியையும் கழற்றலாம், லொறியிலிருந்து காபரேட்டரை இறக்கத் தேவையில்லை. ஸ்குரூக்கள் விழுந்தால் எஞ்சினுக்கும் பாடிக்கும் நடுவில் போய் மறையும், அதனால் சுற்றிலும் துணி திணித்துவிட்டுத் தொடங்குங்கள், காபரேட்டரின் வாயையும் மூடுங்கள். மூடியைத் தலைகீழாகத் திருப்பினால் மிதவை தொங்கும், மிதவையைப் பிடித்திருக்கிற கீல் கம்பியைத் தள்ளினால் மிதவையோடு நீடில் கையில் வரும். நீடிலின் கூர்முனையைக் கண்ணுக்கு அருகில் பிடித்துப் பாருங்கள். புதியது வழுவழுப்பாக இருக்கும், தேய்ந்ததில் முனையைச் சுற்றி ஒரு வளையக் கோடு விழுந்திருக்கும், நகத்தால் தடவினாலே தட்டுப்படும். வளையம் இருந்தால் கழுவிப் பயனில்லை, நீடிலையும் அதன் இருக்கையையும் சேர்த்தே மாற்றவேண்டும். நீடிலை மட்டும் மாற்றினால் பழைய இருக்கையோடு அது பொருந்தாது.

கிட் வாங்க மருதானை பஞ்சிகாவத்தைக்குப் போகிறவர்கள் பழைய நீடிலையும் கஸ்கட்டையும் கையோடு கொண்டுபோங்கள். கடைக்காரருக்கு லொறியின் பெயரைச் சொன்னால் போதாது, ஒரே எஞ்சினுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட காபரேட்டர் வந்திருக்கிறது. பழைய நீடிலையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி உயரத்தை ஒப்பிடுங்கள். ஒருமுறை அரை மில்லிமீற்றர் அளவு நீளம் குறைந்த நீடிலைப் பார்க்காமல் வாங்கிப் போட்டுவிட்டேன். புது கிட், அப்படியும் வழிந்தது. நீடில் கட்டையானால் மிதவை இன்னும் மேலே வந்த பிறகுதான் வால்வ் மூடும், அவ்வளவுதான் காரணம்.

மிதவை. கழற்றிக் காதருகே வைத்துக் குலுக்குங்கள். பித்தளை மிதவைக்குள் பெற்றோல் போயிருந்தால் சளக்கென்ற சத்தம் கேட்கும். சத்தம் இல்லாவிட்டாலும் சந்தேகம் இருந்தால், துடைத்துக் காயவிட்டு, நெருப்பிலிருந்து தள்ளிவைத்த ஒரு கோப்பைச் சுடுநீரில் அமுக்கிப் பிடியுங்கள், ஓட்டை இருந்தால் அங்கேயிருந்து சின்னச் சின்னக் குமிழி வரும். ஈயப் பற்றுவைத்து அடைக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். பற்றின் பாரமே மிதவையைத் தாழ்த்தும், உள்ளே மிச்சம் பெற்றோல் இருந்து சூடுபட்டால் ஆபத்தும்கூட, புதியது வாங்குவதுதான் சரி. பிளாஸ்டிக் மிதவை என்றால் பழசாகப் பழசாகப் பெற்றோலை உறிஞ்சிப் பாரமாகும், அது குலுக்கினால் தெரியாது, புதிய ஒன்றோடு கையில் தூக்கிப் பார்த்தால் தெரியும்.

எல்லாம் நல்லதாக இருந்தும் மட்டம் கொஞ்சம் உயர்வு என்றால், நீடிலை அழுத்துகிற மிதவையின் சின்ன நாக்கை வளைத்துச் சரி செய்யலாம். மிகமிகக் கொஞ்சமாக வளைத்து, மூடி போட்டு, ஓடவிட்டு, கண்ணாடியைப் பார்த்து, மறுபடி. நீடிலில் மிதவை அழுந்தியிருக்கும்போது வளைக்காதீர்கள், முனை நசுங்கும்.

பம்ப் அழுத்தம். நீடிலும் மிதவையும் புதிது, ஆனாலும் வழிகிறது என்றால் பெற்றோல் வருகிற வேகம்தான் கூட. எஞ்சின் பக்கத்தில் பொருத்திய பழைய பம்ப் 3 முதல் 4 பீஎஸ்ஐ அளவில்தான் தள்ளும், அதற்கு ஏற்றபடிதான் நீடில் செய்யப்பட்டிருக்கிறது. பழைய பம்ப் போனதும் கிடைத்த மின்சார பம்ப் ஒன்றைப் போட்டு ஓடுகிற லொறிகள் கொழும்பில் ஏராளம். இன்ஜெக்ஷன் வாகனத்துப் பம்பைப் போட்டிருந்தால் எந்த நீடிலாலும் அதைத் தாங்க முடியாது. காபரேட்டருக்கென்று செய்த பம்பாகப் போடுங்கள், எஞ்சின் நின்றால் பம்பும் நிற்கிற மாதிரி வயரிங் செய்யுங்கள். திறப்பு போட்டதும் எஞ்சின் ஓடாமலே டிக் டிக் என்று அடித்துக்கொண்டே இருக்கிற பம்ப், விபத்து நடந்தாலும் அடித்துக்கொண்டுதான் இருக்கும்.

பழைய பம்பில் மூன்று குழாய் இருந்தால் மூன்றாவது டாங்கிக்குத் திரும்பிப் போகிற குழாய். அது அடைபட்டாலோ, யாராவது போல்ட் போட்டு மூடியிருந்தாலோ அழுத்தம் முழுவதும் நீடில்மேல்தான் ஏறும். குழாயைக் கழற்றிச் சைக்கிள் பம்பால் காற்று அடித்து, டாங்கி மூடியைத் திறந்து காதுகொடுங்கள், குமிழி அல்லது காற்றுச் சத்தம் கேட்கவேண்டும்.

டாங்கி மூடியையும் கவனியுங்கள். வெயிலில் நின்ற லொறியின் மூடியைத் திறக்கும்போது உஸ் என்று பலமாகக் காற்று வந்தால் டாங்கியின் ஆவி போகிற வழி அடைபட்டிருக்கிறது. அந்த அழுத்தம் நின்ற லொறியிலும் பெற்றோலைக் காபரேட்டருக்குத் தள்ளும். இரவு நிறுத்திவிட்டுக் காலையில் பார்த்தால் மணம் வருகிறது, ஓடும்போது இல்லை என்பவர்கள் இங்கேயிருந்து தொடங்கலாம்.

அறிகுறி: வெளியே வழியவில்லை, மட்டமும் சரி, ஆனால் கறுப்புப் புகை, ஸ்லோ நிற்கவில்லை, பெற்றோல் குடிக்கிறது

எயார் ஃபில்டரைக் கழற்றிவிட்டு ஒரு நிமிடம் ஓடவிடுங்கள். புகை குறைந்தால் ஃபில்டர்தான், மா, மிளகாய்த்தூள் ஏற்றுகிற லொறிகளில் இது சீக்கிரம் அடைக்கும். குறையவில்லை என்றால் அப்படியே காபரேட்டரின் வாய்க்குள் பாருங்கள், சோக் தகடு நிமிர்ந்து நிற்கவேண்டும். கம்பி இறுகிப் பாதியில் நின்றால் உள்ளே இருந்து சோக்கைத் தள்ளியும் தகடு சரிந்தே இருக்கும். கம்பிக்கு ஒயில் விடுங்கள், இல்லையேல் மாற்றுங்கள், பெரிய செலவில்லை.

அடுத்தது காற்றுத் துவாரங்கள். காபரேட்டர் கிளீனர் ஸ்பிரே வாங்கி, மேலே தெரிகிற சின்னத் துளைகளுக்குள் அடித்து, கராஜில் கொம்பிரசர் காற்றால் ஊதுங்கள். கம்பியோ குண்டூசியோ விட்டுக் குத்த வேண்டாம், பெற்றோலை அளந்து விடுகிற பித்தளை ஜெட்டின் துளை ஒரு மயிரிழை பெருத்தாலும் அது நிரந்தரமாகப் பெற்றோல் குடிக்கும். இதற்கும் சரிவராவிட்டால் உள்ளே பவர் வால்வ் (எஞ்சின் பாரம் இழுக்கும்போது கூடுதல் பெற்றோல் விடுகிற வால்வ்) திறந்தபடி சிக்கியிருக்கலாம், அதற்குமேல் நான் என் கையால் போவதில்லை.

வருடாந்தப் புகைப் பரிசோதனையில் காபன் மொனொக்சைட் கூடி லொறி தோற்றால், ஸ்லோ ஸ்குரூவைத் திருகிச் சரிக்கட்டிவிட்டு வரலாம் என்று நினைக்காதீர்கள். மேலே சொன்ன மூன்றையும் பார்த்துவிட்டுப் போனால் பெரும்பாலும் ஸ்குரூவைத் தொடவே தேவைப்படாது.

அறிகுறி: ஓடும்போது நல்லது, சாமான் இறக்கப் பதினைந்து நிமிடம் நிறுத்தினால் பிடிக்காது

காலி வீதி நெரிசலில் ஒரு மணித்தியாலம் ஊர்ந்து வந்து, கடை வாசலில் நிறுத்தி, மூட்டை இறக்கி, பில்லில் கையெழுத்து வாங்கிக்கொண்டு வந்து திறப்பைத் திருப்பினால் சுற்றிக்கொண்டே இருக்கும். இந்த எஞ்சினில் காபரேட்டருக்குக் கீழேயே எக்சோஸ்ட் மனிஃபோல்ட் (சூடான புகை வெளியேறுகிற குழாய்த் தொகுதி) இருக்கிறது. ஓட்டம் நின்றதும் காற்றும் நின்று, சூடு மேலே ஏறி, கிண்ணத்தில் இருக்கிற பெற்றோல் கொதித்து உள்ளே சொட்டும்.

உறுதிப்படுத்த, நிறுத்திப் பத்து நிமிடத்தில் எயார் ஃபில்டரைக் கழற்றி டோர்ச் அடித்துப் பாருங்கள். நடுக் குழாயிலிருந்து சொட்டுச் சொட்டாக விழுந்தால் இதேதான். அந்த நேரத்துக்கு எக்சிலேட்டரைத் தரைவரை மிதித்து ஸ்டார்ட் செய்தால் பிடித்துவிடும். பிறகு மூன்று இடம் பாருங்கள். காபரேட்டருக்குக் கீழே தடித்த கறுப்புச் சூடு தடுப்புக் கட்டை இருக்கிறதா, முன்பு கழற்றியவர் வெறும் கஸ்கட் போட்டு மூடியிருக்கிறாரா? எக்சோஸ்டுக்கு மேலே இருக்கவேண்டிய தகரத் தகடு இருக்கிறதா? பெற்றோல் குழாய் எங்கேயாவது எக்சோஸ்டைத் தொட்டுக்கொண்டு போகிறதா? எங்கள் லொறியில் அந்தத் தகரத் தகடு இருக்கவில்லை, சத்தம் போடுகிறது என்று எப்போதோ யாரோ கழற்றி எறிந்திருக்கிறார்கள். பழைய சாமான் கடையில் ஒன்று தேடிப் போட்ட பிறகு இந்தத் தொல்லை வரவில்லை.

அறிகுறி: எஞ்சின் ஒயில் கூடியிருக்கிறது, ஒயிலில் பெற்றோல் மணம்

ஒயில் கம்பியை இழுத்துப் பாருங்கள், மட்டம் மேல் குறிக்கு மேலே, விரலில் தேய்த்தால் தண்ணீர் மாதிரி, மணந்தால் பெற்றோல். ஸ்டார்ட் பண்ணவே வேண்டாம். பெற்றோல் கலந்த ஒயில் பெயாரிங்கைக் காப்பாற்றாது. ஓட்டிக்கொண்டு கராஜுக்குப் போகலாம் என்று நினைத்தால் காபரேட்டர் வேலை எஞ்சின் வேலையாக மாறும்.

வழி இரண்டு. ஒன்று, காபரேட்டரில் வழிந்தது சிலிண்டர் சுவர் வழியாகக் கீழே இறங்கியிருக்கும். மற்றது, பழைய பம்பின் டயஃப்ரம் கிழிந்து நேராக ஒயிலுக்குள் போயிருக்கும். பம்பின் உடம்பில் ஒரு சின்னத் துளை உண்டு, அதைச் சுற்றி ஈரமும் பெற்றோல் மணமும் இருந்தால் பம்ப். கண்ணாடியில் மட்டம் சரியாக இருந்து ஒயில் மட்டும் கூடினாலும் பெரும்பாலும் பம்ப்தான். காரணத்தைத் திருத்திய பிறகு ஒயிலையும் ஒயில் ஃபில்டரையும் சேர்த்து மாற்றுங்கள், திருத்த முன்பு மாற்றினால் புது ஒயிலும் வீண்.

எப்போது பாஸை (மெக்கானிக்கை) கூப்பிடவேண்டும்

ஸ்டார்ட்டர் டக் என்று அடித்து எஞ்சின் அசையவே இல்லை என்றால் சிலிண்டருக்குள் பெற்றோல் நிரம்பியிருக்கலாம். தள்ளி ஸ்டார்ட் பண்ணப் பார்க்காதீர்கள், கொன்ரொட் (பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கிற தண்டு) வளையும். பிளக்கைக் கழற்றத் தெரியாவிட்டால் அந்த இடத்திலேயே ஆளைக் கூப்பிடுங்கள்.

பெற்றோல் வயரிங் மேலோ டிஸ்ரிபியூட்டர் மேலோ வழிந்திருந்தாலும் அப்படித்தான். த்ரொட்டில் தண்டு கையால் ஆட்டினால் ஆடுகிறது, காபரேட்டரின் உடம்பில் வெடிப்பு, நீடில் இருக்கையின் புரி தேய்ந்துவிட்டது, பவர் வால்வ் சிக்கல், இவையும் வீட்டு வேலை இல்லை. ஆனால் எல்லா பாஸும் காபரேட்டர் வேலை செய்கிறவர் இல்லை, இப்போதைய இளம் பொடியன்மார் பலர் இன்ஜெக்ஷன் மட்டுமே பார்த்து வளர்ந்தவர்கள். கண்ணாடியைத் துடைத்துப் பார்க்கிற ஆளா, வந்ததும் வேறு காபரேட்டர் போடுவோம் என்கிற ஆளா என்று கவனியுங்கள். பாவித்த காபரேட்டர் வாங்கத்தான் வேண்டும் என்றால், அந்தத் த்ரொட்டில் தண்டை ஆட்டிப் பார்த்து, கண்ணாடி வெடிக்காமல் இருக்கிறதா என்று பார்த்து, வழிந்தால் திருப்பி எடுப்பதாகப் பில்லில் எழுதி வாங்குங்கள். பொருத்த முன்பு டாங்கியைக் கழுவி, புது ஃபில்டர் போட்டுவிடுங்கள்.